வலஞ்சுழி விசிறி

பிச்சைமணி பயமறியாதவர் என்று கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே அவர்தான். மாட்டுத் தரகருக்கு முகத்தில் பயம் தெரியக்கூடாது. விற்கிறவன் பயந்தால் விலை இறங்கும். வாங்குகிறவன் பயந்தால் ஏறும். தரகனே பயந்துவிட்டால் இரண்டு பேரும் தோளில் கைபோட்டுக்கொண்டு தரகைக் கொடுக்காமல் போய்விடுவார்கள். அதனால் கொம்பைச் சிலுப்புகிற காளைக்கு எதிரில் நின்று நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். பார்க்கிறவர்களுக்கு விரல் நடுங்காதது தெரியும். முழங்கால் வேட்டிக்குள் இருந்தது.

தண்ணீரிடம் மட்டும் இந்த வித்தை செல்லவில்லை. முல்லையாற்றில் முழங்காலுக்கு மேல் அவர் இறங்கியதே கிடையாது. மாட்டுக்கு முகம் உண்டு, மனுஷனுக்கு முகம் உண்டு, பார்த்து எடை போடலாம். தண்ணீருக்கு முகமில்லை. முகமில்லாத ஆளோடு பேரம் பேசுவது எப்படி என்று அவருடைய அப்பா சொல்லித்தராமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்படிப்பட்டவரிடம் படகுச் சாமான் வாங்குகிற வேலை வந்து சேர்ந்தது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷத்து ஆவணி மாதம் அது.

அவருடைய தங்கை பவுனுவின் புருஷன் ராக்கப்பன் மலைக்கு மேலே பெரியாறு ஏரியில் மோட்டார் படகு ஓட்டினான். சின்ன மரப்படகு. பின்பலகையில் ஒரு மோட்டாரை மாட்டித் தொங்கவிட்டிருந்தது. அணைக்கட்டுப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தேக்கடியிலிருந்து அரிசி பருப்பு கொண்டுபோகிற ஒரு கான்ட்ராக்டருக்குச் சொந்தம். ராக்கப்பனும் பவுனுவும் அணைக்குப் பக்கத்திலேயே ஒரு தகர வீட்டில் குடியிருந்தார்கள். அங்கிருந்து தேக்கடிக்கு வர அந்தப் படகை விட்டால் மூங்கில் தெப்பம். அதையும் விட்டால் யானை நடக்கிற காட்டுத் தடம்.

ஏரிக்கடியில் முழுகிப்போன காடு ஒன்று இருக்கிறது. அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது வெட்டாமல் விட்ட மரங்கள் அப்படியே நின்று கறுத்துவிட்டன. கோடையில் தலை தெரியும், விலகிப் போகலாம். ஆவணியில் தண்ணீர் ஒரு சாண் மூடிவிடும். அப்படி மூடிய ஒரு கட்டையில் மோதி, தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளுகிற பித்தளை விசிறியின் ஒரு இலை பிளந்துபோயிருந்தது. புது விசிறி வாங்கித்தரக் கான்ட்ராக்டருக்கு மனசு வரவில்லை. பழையது கிடைத்தால் பார் என்று சொல்லிவிட்டார். ராக்கப்பன் கம்பத்துக்கு இறங்கிவந்து மச்சானிடம் விஷயத்தைச் சொன்னான். இன்னொரு அடி பட்டால் நடுத்தண்ணீரில் நிற்க வேண்டியதுதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பிச்சைமணி சிரிக்கவில்லை. அந்தப் படகில் பவுனுவும் போய்வருகிறவள்.

மாட்டியிருந்த விசிறியைக் கழற்றிக் கொண்டுவந்தால் படகு நின்றுவிடும். அதனால் ராக்கப்பன் அளவு மட்டும் கொடுத்தான். விசிறியின் நடுத் துவாரத்தின் அளவுக்கு ஒரு மூங்கில் குச்சி. விசிறியின் அகலத்துக்கு முடிச்சுப் போட்ட நூல். மூன்று இலை இருக்க வேண்டும் என்று வாய்ச்சொல். வேறெதுவும் அவன் சொல்லவில்லை. வாழ்நாளில் அந்த ஒரு மோட்டாரைத்தான் பார்த்திருந்தான். விசிறிகளில் இப்படிச் சுழல்கிறது, அப்படிச் சுழல்கிறது என்று இரண்டு ஜாதி உண்டென்பது அவனுக்கே தெரியாது.

தேனியில் ரயிலடிக்குப் பக்கத்தில் கர்ணன் என்பவன் பழைய மோட்டார் சாமான் கடை வைத்திருந்தான். எஸ்டேட்டுகளில் கழித்துப்போட்டதெல்லாம் கடைசியில் அவன் வாசலில் வந்து துருப்பிடிக்கும். பிச்சைமணி குச்சியையும் நூலையும் நீட்டியதும் குவியலைக் கிளறி இரண்டு விசிறிகளை எடுத்துப் போட்டான். இரண்டுக்கும் மூன்று இலை. இரண்டிலும் குச்சி அச்சாக நுழைந்தது. நூலும் சரியாக நின்றது. பித்தளையின் கனம்கூட ஒன்றுதான். ஒரே வித்தியாசம், ஒன்றின் இலைகள் வலப்பக்கமாகவும் மற்றதன் இலைகள் இடப்பக்கமாகவும் திருகியிருந்தன.

கர்ணன் இடப்பக்கம் திருகியதைத் துணியால் துடைத்து முன்னால் தள்ளினான். "தேக்கடி மோட்டாருக்கு இதுதாண்ணே சேரும். இதைக் கொண்டுபோங்க" என்றான். ஏன் என்று கேட்டதற்கு, அதைத் தனக்கு விற்ற ஆள் அப்படித்தான் சொன்னதாகச் சொன்னான். வலப்பக்கம் திருகியதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

இங்கேதான் பிச்சைமணியின் முப்பது வருஷத் தொழில் எழுந்து உட்கார்ந்துகொண்டது. விற்கிறவன் தானாக முன்னால் தள்ளுகிற மாட்டில் ஏதோ கோளாறு இருக்கும், கொட்டிலின் மூலையில் பேசாமல் கட்டிவைத்திருப்பதைத்தான் கேட்க வேண்டும் என்பது அவர் இடுப்புத் துண்டு கட்டத் தொடங்கியதிலிருந்து படித்த பாடம். அதோடு சுழி வேறு. இந்தப் பள்ளத்தாக்கில் மாட்டின் பல்லைப் பார்க்காமல் வாங்குகிறவன் உண்டு, சுழி பார்க்காமல் வாங்குகிறவன் கிடையாது. உடம்பில் மயிர் எங்கே சுழிக்கிறது, எந்தப் பக்கம் சுழிக்கிறது என்பதில்தான் வாங்குகிறவன் குடும்பத்தின் நல்லது கெட்டது இருக்கிறது. கடமலைக்குண்டில் ஒருவர், நெற்றியில் இடஞ்சுழி இருந்த காளையை இவர் சொல் கேளாமல் பிடித்துக்கொண்டு போய், அந்த மாசமே வண்டி குடைசாய்ந்து காலை ஒடித்துக்கொண்டார். விசிறியும் ஒரு சுழிதானே. அதுவும் தங்கச்சி உட்காருகிற படகுக்கு. வலஞ்சுழி கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கும்போது இடஞ்சுழியைத் தூக்கிக்கொண்டு போக அவருக்கென்ன பைத்தியமா?

அவர் வலப்பக்கம் திருகியதைத் தொட்டார். கர்ணன் முகம் வாடியது. அதைப் பார்த்ததும் பிச்சைமணிக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. மாட்டுச் சந்தை வழக்கப்படி கையைத் துண்டு போட்டு மூடி, அதற்கடியில் இருவரும் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். அந்த விரல் பாஷை பழைய இரும்புக்காரர்களுக்கும் தெரியும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காக ஏற்பட்டது. பக்கத்தில் அன்று யாருமே நிற்கவில்லை. ஆனாலும் துண்டில்லாமல் பேச இருவருக்கும் கூச்சமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பிச்சைமணி விசிறியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு தேக்கடியில் படகேறினார். கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தார். தங்கச்சியைப் பார்க்காமல் போனால் அவள் சும்மா இருக்கமாட்டாள் என்று ராக்கப்பன் விடவில்லை. நடுப்பலகையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் படகின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டவர், அணைக்கரை வரும்வரை பிடியை விடவில்லை. பிளந்த விசிறி படகையே குலுக்கியது. பற்கள் அடித்துக்கொள்வது அதனால்தான் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டால் நல்லது. கரை நெருங்கியபோது ராக்கப்பன் எழுந்து மோட்டாரை என்னமோ செய்தான், படகு வேகம் செத்து நின்றது. என்ன செய்தான் என்று பிச்சைமணி பார்க்கவில்லை. அப்போது கண்ணை மூடியிருந்தார்.

இறங்கியதும் ராக்கப்பன் சாக்கைப் பிரித்துக் குச்சியை விட்டுப் பார்த்தான், நூலைப் பிடித்துப் பார்த்தான். மச்சான் பார்த்து வாங்கினால் தப்பாகுமா என்று சொல்லி, படகின் பலகைக்கடியில் இருந்த பெட்டியில் போட்டு மூடினான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டமில்லாதபோது மாட்டிக்கொள்ளலாம் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள், மறுநாளே, அந்த விடியற்காலம் வந்துவிட்டது.

வயிறு வலிக்கிறது என்று ராக்கப்பன் பாயில் எழுந்து உட்கார்ந்தான். பிறகு, வாசல் இரண்டாகத் தெரிகிறது என்றான். பவுனு விளக்கு வெளிச்சத்தில் அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். இமைகள் பாதிக்கு மேல் இறங்கியிருந்தன. தூக்கமென்று நினைத்துத் தோளைப் பிடித்து உலுக்கினாள். தூக்கமில்லை, இமை தூக்க வரவில்லை என்றான். அவள் பாயை உதறினாள். கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைக் கட்டுப் போட்ட ஒன்று சுவரோரமாக ஓடி, தகரத்தின் இடுக்கில் நுழைந்து போயிற்று. கட்டுவிரியன். கடித்த இடத்தில் வீக்கமில்லை, ரத்தமில்லை, எறும்பு கடித்த அளவுக்கு ஒரு தடிப்பு. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் அதிகமாகப் பயந்தார்கள்.

விஷக்கடிக்கு மருந்து கொடுக்கிற மலையாள வைத்தியர் குமுளியில் இருந்தார். குமுளிக்குப் போகத் தேக்கடிக்குப் போக வேண்டும். எப்போதாவது அதிகாரியோடு வந்துபோகிற சர்க்கார் படகும் முந்தின நாளே தேக்கடிக்குத் திரும்பிவிட்டது. தெப்பம் போய்ச்சேர உச்சிப்பொழுது ஆகிவிடும். மோட்டார் ஓட்டத் தெரிந்தவன் அணைக்கரையில் ஒருவன்தான், அவன் பாயில் உட்கார்ந்திருந்தான். கூடி நின்றவர்கள் பிச்சைமணியின் முகத்தைப் பார்த்தார்கள். வெளியூரிலிருந்து வந்த பெரிய மனுஷர், பயமறியாதவர். அவர் ஏரியைப் பார்த்தார்.

"கை இருக்கு மச்சான். நானே ஓட்டுறேன். கண்ணு மட்டும் யாராச்சும் குடுங்க" என்றான் ராக்கப்பன்.

கண்ணைப் பவுனு கொடுத்தாள். அவனுக்குப் பின்னால் நெருக்கி உட்கார்ந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் கையை விட்டு, இரண்டு கட்டைவிரலால் அவனுடைய இமைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். படகு கிளம்பியது. பிச்சைமணியை முன்பலகையில் உட்காரவைத்து, தண்ணீருக்கடியில் கட்டை தெரிகிறதா பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். வாழ்நாள் முழுவதும் எதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாரோ அதையே இமைகொட்டாமல் பார்க்கிற வேலை. மேலே பனி மிதந்தது. கீழே கறுத்த கிளைகள் கையை விரித்துக்கொண்டு வருவதும் போவதுமாக இருந்தன. வண்டிக்காரனுக்குச் சொல்வதுபோல வலக்கை, இடக்கை என்று கத்திக்கொண்டே வந்தார். சொல்லி முடிப்பதற்குள் கிளை படகுக்கடியில் உரசிக்கொண்டு போகும். அவருடைய முதுகெலும்பு அதன் சத்தத்தைக் கேட்கும்.

பின்னால் ராக்கப்பனின் பேச்சு மாறிக்கொண்டே வந்தது. முதலில் வாயில் பாக்கை அடக்கிக்கொண்டவன் பேசுவதுபோல. பிறகு பஞ்சை அடைத்துக்கொண்டவன் பேசுவதுபோல.

"நல்லாத் தூக்கிப் புடி பவுனு."

"தூக்கித்தான் புடிச்சிருக்கேன். இதுக்கு மேல தூக்கினா கண்ணு வெளிய வந்துரும்."

"எனக்கு இருட்டுதே."

அதற்கப்புறம் கொஞ்ச தூரம்தான். மோட்டார் கைப்பிடியிலிருந்து அவனுடைய கை வழுக்கியது. படகு தானாகத் திரும்பியது. பிச்சைமணி சொல்ல வாயெடுப்பதற்குள் அடியில் ஒரு இடி. மோட்டார் அடிபட்ட நாயைப் போல ஊளையிட்டது. ராக்கப்பன் தட்டுத்தடுமாறி அதன் தலையிலிருந்த ஒரு வயரைப் பிடுங்கினான். ஊளை நின்றது. ஏரியின் சத்தம் கேட்டது. ஏரிக்கு என்ன சத்தம் என்று கேட்கலாம். நடுவில் நின்றுபோன படகில் உட்கார்ந்தால் கேட்கும்.

பிளந்திருந்த இலை உடைந்து போயிருந்தது, பக்கத்து இலையும் பாதிதான். காற்று படகை மெதுவாக, அவசரமில்லாமல், பட்ட மரங்கள் கூட்டமாக நின்ற மூலைக்குத் தள்ளியது.

புது விசிறி பெட்டியில் இருக்கிறது என்பது அப்போது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லிமுடியாது. பிச்சைமணி தவழ்ந்து பின்பக்கம் வந்தார். ராக்கப்பன் பவுனுவின் மடியில் சாய்ந்து, குளறிக் குளறி ஒவ்வொன்றாகச் சொன்னான். மோட்டாரைச் சாய்த்தால் அடிப்பகுதி தண்ணீருக்கு மேலே வரும். விசிறியின் நடுவில் ஒரு பின் குத்தியிருக்கும். அதன் வாலை நிமிர்த்தி உருவ வேண்டும். "பின்னைத் தண்ணில விட்டுறாத மச்சான். வேற இல்ல" என்றான். பிச்சைமணி பின்பலகையில் வயிற்றைப் பதித்து, தலையையும் இரண்டு கையையும் தண்ணீருக்கு மேலே நீட்டினார். கீழே அவருடைய முகமே தெரிந்தது. பயந்த முகம். விலை கேட்டால் சொன்ன விலைக்கு வாங்கிவிடுகிற முகம். பின்னை உருவியதும் அதைப் பல்லில் கடித்துக்கொண்டார். அதைக் கடித்துக்கொண்டிருந்ததால்தான் பல் அடித்துக்கொள்ளவில்லை. பழையதைக் கழற்றிப் படகுக்குள் போட்டார். புதியது அளவெடுத்துச் செய்ததுபோலப் போய் உட்கார்ந்தது. பின்னைக் குத்தி வாலை மடக்கினார். மோட்டாரை இறக்கினார்.

தலையில் இருந்த சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். பம்பரம் விட்ட கைதான். நாலைந்து இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டு உறுமியது. "கிளம்பிருச்சு ஆத்தா" என்று பவுனுவைப் பார்த்துச் சொன்னார்.

படகு பின்னால் போனது.

முதலில் அவருக்குப் புரியவில்லை. அடியிலிருந்து ஏதோ ஒன்று படகைப் பிடித்து இழுக்கிறது என்றுதான் தோன்றியது. கைப்பிடியை முறுக்கினார், வேகமாகப் பின்னால் போனது. பின்பலகை தாழ்வானது. தண்ணீர் அதன்மேல் ஏறி, மடை திறந்ததுபோல உள்ளே கொட்டியது. ராக்கப்பனின் கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது. பட்ட மரங்கள் ஒவ்வொன்றாக அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தன. பவுனு அவர் பெயர் சொல்லாமல், அண்ணே என்றும் சொல்லாமல், வெறும் சத்தமாக என்னமோ சொன்னாள். அவர் வயரைப் பிடுங்கினார். அதிலிருந்த மின்சாரம் அவரைத் தோள்வரைக்கும் உதறியது. படகு ஒரு மரத்தில் போய் முட்டி நின்றது.

பவுனு ஒரு கையால் புருஷன் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் செம்பை எடுத்துத் தண்ணீரை வெளியே இறைத்தாள். பிச்சைமணியின் காலடியில் பழைய விசிறி கிடந்தது. முழுசாக மிச்சமிருந்த ஒரே இலை மேலே பார்த்திருந்தது. அது இடப்பக்கம் திருகியிருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கர்ணன் பொய் சொல்லவில்லை. விற்கிறவன் உண்மை சொன்னால் அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் தான் கற்றுக்கொள்ளவில்லை என்பது அவருக்கு அந்த இடத்தில், அந்தத் தண்ணீர் நடுவில் தெரிந்தது.

"இது நீ வாங்கியாந்ததுதானண்ணே?" என்றாள் பவுனு. இறைப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஆமா."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

உடைந்ததையே திரும்ப மாட்டலாமா? ஒரு இலையில் படகு ஓடுமா? ராக்கப்பனைக் கேட்டார். அவனுக்கு வாய் அசைந்தது, பேச்சு வரவில்லை. மார்பு மேலே ஏறுவது கூடக் கூர்ந்து பார்த்தால்தான் தெரிந்தது. அவர் அவனுடைய காதில் வாயை வைத்து, விசிறி எதிர்ச்சுழி, படகு பின்னால் போகிறது, என்ன செய்வது என்று கேட்டார். கேட்கும்போதே அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் லேசாக அசைந்தன. அசைந்தது சும்மா அசைந்ததுபோல இல்லை.

படகுக்கு வருவதற்கு முன்னால் ராக்கப்பன் நாலு வருஷம் அவரோடு சந்தை சந்தையாக மாட்டுக்கயிறு பிடித்து அலைந்தவன். பிச்சைமணி தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கையையும் மூடினார். ஏன் மூடினார் என்று அவருக்கே தெரியாது. மூடினால்தான் அவர் கைக்குக் காது கேட்கும்.

ராக்கப்பனின் விரல் அவருடைய நடுவிரலைத் தேடிப்போய் அதன் நடுக்கணுவில் அழுந்தியது. சந்தையில் அதற்கு அரை என்று அர்த்தம்.

"எதுல அரை? வேகத்துலயா?"

நகம் லேசாகக் கீறியது. அது படியாது என்பதற்கு அடையாளம்.

பாதி விசிறியையே மாட்டவா என்றார். கீறல். முன்னைவிட மெதுவாக. விரல் மறுபடியும் நடுக்கணுவுக்கு வந்தது, அழுத்தம் குறைந்துகொண்டே வந்தது. வாழ்நாளில் எத்தனையோ பேரம் இழுத்தடித்துப் பேசியிருக்கிறார். சாப்பாட்டு நேரம் தாண்டி, சந்தை கலைந்து, விளக்கு வைத்த பிறகும் பேசியிருக்கிறார். எதிராளியின் விரல் குளிர்ந்துகொண்டே போகிற பேரம் இதுதான். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். நேற்றுக் கரை வந்தபோதும் இப்படித்தான் மூடியிருந்தார். அப்போது இவன் எழுந்தான். மோட்டாரை என்னமோ செய்தான். மோட்டார் உறுமிக்கொண்டே இருக்கப் படகு நின்றது, மோட்டார் எதிர்ப்பக்கம் தள்ளியிருக்க வேண்டும்.

"மோட்டாரையா மாப்ள? மோட்டாரை அரைச் சுத்துத் திருப்பணுமா?"

ஐந்து விரலும் சேர்ந்து அவருடைய கையை ஒரு தரம் பிடித்தன. படிந்த பேரத்துக்கு அப்படித்தான் பிடிப்பார்கள். பிறகு கை அப்படியே தளர்ந்துவிட்டது. அவர் பவுனுவின் முகத்தைப் பார்த்தார்.

"மூச்சு இருக்கு. நீ ஆக வேண்டியதப் பாரு" என்றாள்.

மோட்டாரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் திருப்பினார். ஒரு கொக்கி தடுத்தது. அதைத் தட்டிவிட்டதும் அரைச் சுற்றுச் சுழன்று முதுகைக் காட்டி நின்றது. இப்போது தள்ளுகிற பக்கம் மாறிவிடும், படகு முன்னால் போகும். அதெல்லாம் சரிதான். கைப்பிடியும் மோட்டாரோடு சேர்ந்து திரும்பி, படகுக்கு வெளியே தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க வேண்டுமானால் பின்பலகையில் குப்புறப் படுத்து, மார்பு வரை வெளியே நீட்ட வேண்டும். பிச்சைமணி துண்டால் தன் ஒரு கணுக்காலை நடுப்பலகையோடு சேர்த்துக் கட்டினார். கயிற்றை இழுத்தார். மோட்டார் பிடித்தது. படுத்துக்கொண்டு கையை நீட்டினார்.

படகு முன்னால் நகர்ந்தது.

கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளினாரோ அந்தப் பக்கமே படகு திரும்பியது. அது ஒன்று நல்லதாகப் போயிற்று, மூக்கணாங்கயிறு மாதிரி. ஆனால் அவருடைய முகம் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. போகிற வழி அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் மூக்குக்கு ஒரு சாண் கீழே நுரைத்துக்கொண்டு ஓடுகிற தண்ணீர். வழி பார்க்கிற வேலை பவுனுவுக்கு. புருஷன் தலை மடியில், ஒரு கை அவன் மார்பில், கண் ஏரியில். முன்னாலிருந்து அவளுடைய குரல் மட்டும் வந்தது. அவளுடைய இடக்கை அவருக்கு வலக்கை, மனசுக்குள் மாற்றிக்கொண்டு தள்ளினார்.

"இடக்கை... நேரா... இன்னும் இடக்கை. மூச்சு இருக்கு... நேரா விடு. வலக்கை, வலக்கை. மூச்சு இருக்கு..."

கட்டைக்கும் மூச்சுக்கும் நடுவில் அவள் குரல் போய்ப்போய் வந்தது. பிச்சைமணிக்குக் கை மரத்துவிட்டது. வாயில் ஏரித் தண்ணீர் அடித்தது. காலிலிருந்த கட்டு மெல்ல மெல்ல நெகிழ்வது தெரிந்தது. அதெல்லாம் பயம்தான். ஆனால் அவள் பேசுகிறவரை தாங்குகிற பயம்.

ஒரு இடத்தில் குரல் நின்றுபோனது.

கட்டை இல்லாததால் பேசவில்லையா? மூச்சு இல்லாததால் பேசவில்லையா? கேட்டால் தெரிந்துவிடும். அவர் கேட்கவில்லை. கைப்பிடியை நேராகப் பிடித்துக்கொண்டு, படகு விட்டுப்போன தண்ணீர் இரண்டாகப் பிரிந்து மறுபடியும் ஒன்றாகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே முகம் மாதிரி ஏதாவது தெரியாதா, அதனிடம் கெஞ்சலாமே என்றிருந்தது. மோட்டார் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. பிறகு மோட்டார் சத்தத்தோடு இன்னொரு சத்தம் சேர்ந்தது. பவுனு அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன ஆத்தா?"

"கரை தெரியுதுண்ணே."

படகை நிறுத்துவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. அவர் வயரைப் பிடுங்கினார், அது மறுபடியும் உதறியது, படகு நேராகத் தேக்கடிக் கரைச் சேற்றில் ஏறிப் பாதி உடம்பு தரையில் நின்றது. கணுக்காலில் கட்டிய துண்டை அவிழ்க்க அவருக்கு விரல் வரவில்லை. கரையில் நின்ற யாரோ ஒருவர்தான் கத்தியால் அறுத்துவிட்டார். ராக்கப்பனை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குமுளி ரோட்டில் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த எஸ்டேட் லாரியில், பெட்டிகளுக்கு மேலேயே படுக்கப்போட்டார்கள்.

மலையாள வைத்தியர் ஒல்லியான மனிதர், அவசரமே இல்லாதவர். அந்த நிதானத்தைப் பார்த்துப் பிச்சைமணிக்கு எரிச்சலாக வந்தது. சந்தையில் விலை ஏற்றுவதற்காகக் கொட்டாவி விடுகிறவர்களை அவருக்குத் தெரியும். வைத்தியர் எதையும் ஏற்றவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், எந்த நேரத்தில் கடித்தது என்று பவுனுவைக் கேட்டார். பாயில் படுத்திருந்தபோது என்றாள். கல்லில் என்னமோ இலையை அரைத்து, என்னமோ வேரை இழைத்து, ஒரு கிண்ணத்தில் கரைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"தொண்டை வேல செய்யணும். மருந்து இறங்கினா பேடிக்கண்டா" என்றார். பயப்பட வேண்டாம் என்பதற்கு அவர்கள் பாஷையில் அப்படிச் சொல்வார்கள் என்பது எல்லையோரத்தில் மாடு விற்ற பிச்சைமணிக்குத் தெரியும். இறங்காவிட்டால் என்ன சொல்வார்கள் என்று அவர் கேட்கவில்லை.

தலையைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, முதல் கரண்டியை வாயில் விட்டார். அது கடைவாய் வழியாக வழிந்து கழுத்தில் ஓடியது. வைத்தியர் அதைத் துடைத்தார். காத்திருந்தார். இரண்டாவது கரண்டியை அடிநாக்கில் விட்டார். அதுவும் பாதி வழிந்தது. பவுனு ஏரித் தண்ணீர் சொட்டுகிற சேலையோடு அவனுடைய காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கட்டைவிரல்கள் இரண்டும் இன்னமும், எதையோ தூக்கிப் பிடித்திருப்பதுபோல, நிமிர்ந்தபடியே இருந்தன.

மூன்றாவது கரண்டி. வைத்தியர் ஒரு விரலை ராக்கப்பனின் தொண்டை மேட்டில் வைத்துக்கொண்டு விட்டார். வழியவில்லை. உள்ளே போகவுமில்லை. வாய்க்குள்ளேயே நின்றது. அறையில் இருந்த எல்லோரும் அந்தத் தொண்டையைப் பார்த்தார்கள். லாரிக்காரன் வாசலில் நின்று பார்த்தான்.

"இறங்கிருச்சா?" என்றாள் பவுனு.

பிச்சைமணி குனிந்து வைத்தியரின் விரலைப் பார்த்தார். 

அப்புறம் வைத்தியரின் விரல் அசைந்தது. விரல் அசையவில்லை, விரலுக்கடியில் இருந்தது அசைந்தது. மேலே ஏறி, ஒரு கணம் நின்று, கீழே இறங்கியது.

வைத்தியர் யாரையும் பார்க்காமல் கிண்ணத்தில் கரண்டியை விட்டு அடுத்ததை எடுத்தார்.